கடனில் என்ன உதவி

ரொக்கம் என்று சொன்னால்தான் தெருவில் அவரைத் தெரியும். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். உப்பு வாங்கினாலும் கையில் காசு வைத்துத்தான் வாங்குவார். இளவயதில் வட்டிக்குப் பணம் எடுத்து ஏணி வாங்கினார். தவணை தவறிய மாதம், அவர் மேல்படியில் நின்று ஒரு வீட்டு முகப்புக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது வட்டிக்காரர் கீழே வந்து நின்றார். "இறங்குப்பா, ஏணி இனிமே என்னுது." அன்றோடு கடன் என்ற சொல்லே அவருக்கு ஆகாமல் போயிற்று.

இன்று மகளோடு கல்லூரியின் நிதியுதவிப் பிரிவுக்கு வந்திருந்தார். இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து சுவரை நகத்தால் சுரண்டினார். பட்டி பூசிச் சமன் செய்யாமலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார். உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மாலைக்குள் பணத்துக்கு வழி சொல்லாவிட்டால் மகளின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மகள் விரல் மடக்கிச் சொன்னாள். உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டாம். மார்க் சரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். நூலகத்தில் பகுதிநேர வேலை தருவார்கள், செய்கிற வேலைக்குச் சம்பளம். அதுவரை தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"மூணாவது?"

"கடனுதவி. அதுக்கு உங்க ஜாமீன் கையெழுத்து வேணும்பா."

"கடன்ல என்னம்மா உதவி? விஷத்துக்குத் தேன்னு பேர் வச்ச மாதிரி."

"நான் வேலைக்குப் போனப்புறம் கட்டினாப் போதும்."

"அதுவரைக்கும் வட்டி தூங்குமா?"

 மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தூங்காது என்றார். மழுப்பாமல் சொன்னதும் ரொக்கம் மேசையருகே வந்தார். அப்படியானால் முழுவதையும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை, தேவைக்கு எடுத்தால் போதும் என்றார் அம்மாள். விடுதிச் செலவுதான் அதில் பெரும்பங்கு.

"நான் வீட்லேருந்தே வந்துக்கறேன்," என்றாள் மகள்.

பஸ்ஸில் போகவர நான்கு மணி நேரம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி சுவரைச் சுரண்டினார். ஒரு செதில் பெயர்ந்து விழுந்தது. பிறகு வந்து, பாதியாகக் குறைத்த கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழிக்காத குறைதான்.

வெளியே வந்து டீ குடித்தார்கள். அவர் நீட்டிய நோட்டுக்குக் கடைக்காரரிடம் சில்லறை இல்லை. பெண் இங்கேதானே படிக்கப்போகிறாள், அப்புறம் கொடுத்தால் போயிற்று என்றார் கடைக்காரர். ரொக்கம் காதில் வாங்கவில்லை. நோட்டைப் பிடித்தபடி எதிர்வரிசையில் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கினார்.

"விடுங்கண்ணே," என்றாள் மகள் கடைக்காரரிடம். "இன்னிக்கு ஒரு கடன் பட்டுட்டார். இன்னொண்ணு தாங்க மாட்டார்."