தெற்கே பார்த்த சோலார்

என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணியைப் பற்றித் திண்டிவனத்தில் யாரைக் கேட்டாலும், "சுவிட்சை அணைக்கிற மனுஷனா?" என்பார்கள். தொண்ணூற்று மூன்றிலிருந்து வயரிங் வேலை. எழவு வீட்டுக்குப் போனாலும் ஆளில்லாத அறையில் ஓடுகிற ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவார். எனக்கு மானமே போகும்.

2012இல் பாதி நாளுக்கு மேல் கரண்டு இல்லை. ஊரே பேஜாராகிக் கிடந்தது. அவருக்கோ ஒலக்கூரில் இருக்கும் தங்கை ருக்குவின் கவலை. ருக்குவின் புருஷன் கண்ணையனுக்கு நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் மூச்சு. அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் உண்டு. ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

தங்கை வீட்டு மாடியில் இவரே சோலார் போட்டார். குண்டு பல்புகளைப் பிடுங்கினார், தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார், பேட்டரி மிச்சமாகட்டும் என்று ஃபிரிட்ஜை அதில் சேர்க்கவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. "வெயில்ல வர்ற கரண்டு வீக்கா இருக்குமேங்க, மிக்சியாச்சும் சுத்துமா?" என்று ஒரு கேள்வி. இந்தச் சனங்களிடம் என்னத்தைச் சொல்ல!

கண்ணையனுக்கு வேறு பயம். "மச்சான், தெற்கே பாக்க வெச்சிருக்கீங்களே, அது எமன் திசையாச்சே. சூரியன் கிழக்கதான வருது?"

"அது வர்ற எடம் மாப்ள. இந்த ஐப்பசி, கார்த்திகையில நாள் முழுக்க தெக்கால சாஞ்சிதான் போவும். ஆராச்சும் கை வெச்சீங்க, மிஷினு நின்னுடும்."

ருக்குவும் தலையாட்டினாள்.

பதினைந்து நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவளிடமிருந்து போன். "ண்ணா, கரண்டு இல்ல, பேட்டரியும் செத்துடுச்சி, ஜல்தி வாண்ணா!" இவர் வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கண்ணையனின் மூச்சு நின்றது.

மறுநாள் அத்தனை சனத்துக்கு நடுவில் ருக்கு இவர் சட்டையைப் பிடித்தாள். "தெற்கே பாக்க வெச்சி எமனுக்கு வழி காட்டிட்டியே, பாவி!" இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே மாடிக்குப் போனேன். ஐயோ, சோலார் தகடு இரண்டும் கிழக்கே திரும்பி, செங்கல் முட்டுக்கொடுத்துச் செங்குத்தாக நின்றன. காலை வெயிலோடு சரி, மத்தியானத்துக்கு மேல் ஒரு பொட்டு வெயில் படாது. நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம். அந்த வீட்டில் ருக்குவை விட்டால் வேறு பொம்பளை கிடையாது. புருஷன் பிழைக்கட்டும் என்றுதான் திருப்பியிருக்கிறாள், பைத்தியக்காரி.

திரும்பினால் பின்னால் இவர்.

"பாத்தீங்களா? இப்பவே போயி அவ மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்."

"வாயத் தொறக்காத பரிமளா. நேத்தே பாத்துட்டேன். இதனாலதான் மிஷினு நின்னுச்சின்னு தெரிஞ்சா அவ உசுரோட இருப்பாளா?"

சொல்லிவிட்டுச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். தகடுகளைப் பழையபடி தெற்கே பார்க்கத் திருப்பி வைத்தார். ஊரெல்லாம் ஏறிப் பார்க்கட்டும் என்று இறங்கிப் போனார்.