ரோசக்காவின் ஜெபம்

கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில், மலை ஏறுமுன் ரோசக்கா சத்தமாக ஜெபிப்பார். புருஷனையும் ஒரே மகனையும் பறிகொடுத்தவர், எழுத்து தெரியாதவர். ஆனாலும் ஜீப்பே தலைகுனியும். அதே ஜீப்பில் போகும், சபையில் வேதம் வாசிக்கும் எனக்கு வயிறு எரியும்.

போன மாதம் ரோசக்கா இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள், 'இனி நான்தான்' என்று அவர் இடத்தில் உட்கார்ந்தேன். அடிவாரத்தில் டிரைவர் காதர் பாய் வழக்கம்போல வண்டியை நிறுத்தினார்.

"அக்கா போயிட்டாக. நீ சொல்லும்மா, வண்டிய எடுப்போம்."

அலங்காரமான ஜெபம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"ஆண்டவரே, எங்க எல்லாரையும் சாயங்காலம் அவுகவுக பிள்ளைககிட்ட பத்திரமாச் சேத்துரும்."

வீட்டில் காத்திருக்க யாருமில்லாத ரோசக்கா, தினமும் சொன்ன ஜெபம் அது. இப்போது தினமும் நான் சொல்கிறேன். அக்கா மேல் பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.