டேவிட்டின் தோடம்பழத் தோட்டம்

போன கிழமை இங்கே கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் மரக்கறிக் கடையொன்றில், ஒரு தோடம்பழத்தை, ஆரஞ்சைத்தான், மூக்கருகே பிடித்தபடி நெடுநேரம் நின்றுவிட்டேன். கடைக்காரப் பெண் ஒருமாதிரிப் பார்த்தாள். பழத்தை வாங்க முதல் மணந்து பார்க்கிற இந்தக் கெட்ட பழக்கம் டேவிட்டிடமிருந்து தொற்றியது.

டேவிட், தொண்ணூறுகளில் பாதர்ஸ்ட் வீதியில் பேக்கரி வைத்திருந்த யூதர். நானும் செல்வம் அண்ணையும் அங்கே பாண் சுட்டோம். என் பாண் எப்படியிருக்குமென்று கேட்காதேயுங்கள், புறாக்களுக்குப் பிடித்திருந்தது. மா குழைக்கிற நேரமெல்லாம் டேவிட் தன் ஊர்க் கதைதான் சொல்வார். இஸ்ரேலில் பெத்தா திக்வா. ‘நம்பிக்கையின் வாசல்’ என்று அர்த்தமாம். முதலில் போனவர்களை அந்த வாசலில் வரவேற்றது மலேரியா. ஜெருசலேமில் வேதம் படித்துக்கொண்டிருந்த ஆட்கள். மண்வெட்டியை எந்தப் பக்கத்தால் பிடிப்பதென்றே தெரியாது. ஓடிப்போய், திரும்பி வந்து, பிறகு தோடை நட்டு ஊராக்கினார்களாம். அவருடைய அப்பாவுக்கும் அங்கே ஒரு தோட்டம் இருந்தது.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கடை தோட்டத்துக்குப் போவன்" என்பார். எங்கள் மூவரின் ஓட்டை இங்கிலிசையும் நான்தான் தமிழாக்கித் தருகிறேன்.

ஊரை விட்டு வந்து முப்பது வருசத்துக்குப் பிறகு, ஒரு மாரியில் உண்மையாகவே போனார். திரும்பி வந்தவர் ஊர்க் கதையை விட்டுவிட்டு மாவை மட்டும் போட்டு அடித்தார். செல்வம் அண்ணைதான் மெல்லக் கேட்டார்:

"என்ன முதலாளி, கண்ணைக் கட்டிக்கொண்டோ போனனீங்கள்?"

டாக்சியில் போனாராம். வழியெல்லாம் வங்கிகள், மாடிவீடுகள், வாகன நெரிசல். வழி சொல்லத் தெரியாமல் முழித்தவரிடம், "சுற்றுலாவுக்கு வந்தனீங்களோ?" என்று சாரதி கேட்டிருக்கிறான். தோட்டம் நின்ற இடத்தில் எட்டுமாடிக் கட்டடம். குனிந்து மண்ணைத் தேடினாராம், எல்லாம் சீமெந்து.

எனக்குச் சும்மா இருக்க வராது.

"காணியை ஆர் வித்தது?"

டேவிட் கையிலிருந்த மாவைக் கீழே வைத்தார். "அப்பா. நான்தான் கரைச்சல் குடுத்து விக்க வைச்சனான். கனடாவுக்கு வந்து ஸ்னோ பாக்கவேணும் எண்டு."

மூவரும் யன்னலுக்கு வெளியே பார்த்தோம். அவருடைய வான் கதவுவரை ஸ்னோவுக்குள் புதைந்து கிடந்தது. முதலில் சிரித்தது அவர்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மா.

டேவிட் போய்ச் சேர்ந்துவிட்டார். பேக்கரி இல்லை. செல்வம் அண்ணை பிரம்ப்டனில் மகளோடு. நான் இப்போது பெரிய பாண் தொழிற்சாலையில் வேலை, எல்லாம் மெஷின். எங்கள் முதலாளி யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பகிடி பண்ணுவதென்றாலும், யாரைப் பண்ணுவது?