நெட் சரியில்லைங்க, டாக்டர்!

போன வாரம் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். எனக்காக இல்லை — என் தங்கச்சி செல்வியின் வீட்டுக்காரர் குமரேசனுக்காக. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ரொம்ப நேரம் மூடியே இருக்கச் சொன்னார்கள். அப்புறம் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார்.

“எவ்வளவு நாளா மங்கலாத் தெரியுது?”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். செல்விதான் முந்திக்கொண்டாள்.

“ஒரு வருஷமா நெட் சரியில்லைங்க, டாக்டர்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்தேன். வேறு சமயமாக இருந்தால் இந்த ஒரு பதிலை வைத்தே பத்திரிகையில் ஒரு வாரப் பத்தியை ஓட்டியிருப்பேன்... என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே! ஆனால் அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் செல்வி உளறவில்லை. அந்த ஒரு வருஷமும் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த விவரமே அவ்வளவுதான்.

குமரேசன் வளைகுடாவில் எலெக்ட்ரீஷியன். கல்யாணத்துக்கு முன்பே போனவர். கீரமங்கலத்தில் வீடு கட்டும்போது லீவில் வந்து, வேறு ஆளை நம்பாமல், தானே சுவரை வெட்டிக் குழாய் பதித்து வயரிங் பார்த்தவர். ஒரே மகள் யாழினி. பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமை. அங்கே அன்றைக்குத்தான் அவருக்கு லீவு.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் போனை எடுத்துவிடுவாள். அப்பாவும் மகளும் ஆன்லைனில் கேரம் ஆடுவார்கள். பிறகு இங்கேயும் அங்கேயும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் போட்டுவிட்டு, போன் காலைக் கட் பண்ணாமல் பேசிக்கொண்டே பார்ப்பார்கள். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டியபடி, “அந்தாளை நம்பாத, அவன்தான் வில்லன்” என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்வாள். ஒரு குடும்பம் சேர்ந்திருக்க வேறு என்ன வேண்டும்?

போன வருஷம்தான் சனி பிடித்தது.

கேரமில் மாப்பிள்ளை தோற்க ஆரம்பித்தார். ஊருக்கு வந்தால் போர்டில் ஒருத்தரையும் ஜெயிக்க விடாத மனுஷர்! குழிக்கு நேராக ரெட் நிற்கும். இவர் எங்கேயோ அடிப்பார். “நெட் இழுக்குது பாப்பா, காயி ஒரு எடத்துல நிக்கிறதே இல்ல” என்பார். படம் போட்டால், “எனக்கு நின்னு நின்னு வருது தாயி. என்ன நடக்குதுன்னு நீயே சொல்லு” என்பார். முகம் பார்த்துப் பேசினால், “மங்கலாத் தெரியுது.”

நெட்டில் கோளாறு என்றால் எங்கள் வீட்டில் யாரைக் கூப்பிடுவார்கள்? ஒரு காலத்தில் புதுக்கோட்டையில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த பாவத்துக்கு, என்னைத்தான்!

போய்ப் பார்த்தால் — ரவுட்டர் ஷோகேஸுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கதவு சாத்தி, மேலே பூ வேலை செய்த துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து. “ஆயுத பூஜைக்கு வெச்சதுண்ணே, அழிக்க மனசு வரல” என்றாள் செல்வி. பக்கத்திலேயே இரும்பு பீரோ வேறு. சிக்னல் எங்கிட்டுப் போகும்? ரவுட்டரை வெளியே எடுத்து மாடிப்படிக்கு மேலே உயரமாக மாட்டினேன். பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். கரண்ட் போனாலும் நெட் போகாதபடி இன்வெர்ட்டரில் இணைத்துக் கொடுத்தேன். டிவியில் படம் தண்ணீர் மாதிரி ஓடியது.

அடுத்த வெள்ளி: “மங்கலாத் தெரியுது.”

பிளானை மாற்றினோம். ரவுட்டரையே மாற்றினோம். மற்ற போன்கள் இழுக்காமல் யாழினியின் விளையாட்டுக்கு முதல் வழி விடும்படி செட்டிங் போட்டேன். நெட்காரரை வரச் சொல்லி கம்பத்திலிருந்து வரும் ஒயரையே புதுசாக இழுக்க வைத்தேன். அவர் என்னைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற நிலைமை! இவ்வளவுக்குப் பிறகும் அதே பதில்தான் அங்கிருந்து வந்தது.

நடுவில் இன்னொன்றும் சொன்னார். “எழுதி அனுப்பாத பாப்பா. வாய்ஸ்ல போடு. எழுத்து வந்து சேர மாட்டேங்குது.”

இங்கே நீங்கள் என்னைத் திட்டலாம். நெட்டில் எழுத்துதான் லேசு, குரல்தான் கனம். எழுத்து போய்ச் சேராத இடத்துக்குக் குரல் மட்டும் எப்படிப் போய்ச் சேரும்? இதை அந்தக் காலத்தில் சென்டருக்கு வருகிறவர்களிடம் நானே விளக்கிச் சொன்னவன். எனக்கு உறைக்கவில்லை. செல்விக்கும் உறைக்கவில்லை. வெளிநாட்டில் ஆள் இருக்கிற நம் பக்கத்து வீடுகளில் எதற்கும் முதல் பழி நெட் மேல்தான். பேச்சு நின்றால் நெட். முகம் வாடினால் நெட். குரல் தழுதழுத்தால்கூட, “கட் ஆகுது, அப்பறம் பேசுறேன்.”

ஆவணியில் யாழினி மூக்குக் குத்திக்கொண்டாள். அவளே ஆசைப்பட்டுக் கேட்டது. ஒற்றைக் கல். மிளகைவிடச் சின்னது. “அப்பாகிட்ட யாரும் சொல்லக் கூடாது. அப்பாவே பாத்துக் கண்டுபிடிக்கணும்” என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். அப்புறம் எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, இந்த வெள்ளிக்கெழம மட்டும் நெட்டு கண்ணாடி மாதிரி இருக்கணும். இவ்ளோண்டு கல்லு. மங்கலா இருந்தா அப்பாவுக்குத் தெரியாது.”

விடுவேனா? ரவுட்டரிலிருந்து ஹால் டிவி வரைக்கும் நேராகக் கேபிளே இழுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். காற்றில் வந்தால்தானே இடையில் தொலையும்? டிவிக்கு மேலே ஒரு கேமராவும் வாங்கி வைத்தேன். பாட்டன் காலத்துக் கல்யாண போட்டோ மாதிரி செல்வி, யாழினி, நான் என்று மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து பேசலாம் என்று கணக்கு.

சுவரை உடைக்க வேண்டுமோ என்று யோசித்தபோது மாப்பிள்ளையே போனில் வழி சொன்னார். “ஹால் சுவிட்ச் பாக்ஸைக் கழட்டுங்க மச்சான். எடது பக்கம் ஒரு பைப்பு சும்மா கெடக்கும். மாடிப்படி வரைக்கும் போவும். பின்னாடி உதவும்னு அன்னைக்கே போட்டு வெச்சேன்.”

இருந்தது! கடல் தாண்டி இருந்துகொண்டு வீட்டை நரம்பு நரம்பாக ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று மெய் சிலிர்த்துப் போனேன்.

கேபிள் முனையில் கிளிப் மாட்ட வேண்டும். எட்டு ஒயர், எட்டு நிறம், வரிசை மாறக் கூடாது. ஆரஞ்சில் ஆரம்பித்து பிரவுன் வரைக்கும் மனப்பாடமாகச் சொன்னார். நான் அடுக்கி, வீடியோ காலில் போனுக்கு நேராகக் காட்டினேன்.

“சரியா இருக்கா மாப்ள?”

“சரியா இருக்கு மச்சான். அமுக்குங்க.”

அமுக்கினேன். கேபிளைச் செருகினால் ரவுட்டரில் விளக்கு எரியவில்லை. யாழினி வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “மாமா, பச்சையும் நீலமும் எடம் மாறிக் கெடக்கு.”

“உங்கப்பாதானே சரின்னாரு?”

“நெட்டு மங்கலா இருந்திருக்கும் மாமா.”

ஆமாம் என்று நானும் சொன்னேன். வெட்டிவிட்டு மறுபடி அடுக்கினேன். விளக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை. டிவியில் மாப்பிள்ளை வந்தார். அப்படி ஒரு தெளிவு! அவர் சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறத்தில் தைத்திருந்தது வரை தெரிந்தது. யாழினி கேமராவுக்குக் கிட்டே போய், முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

“அப்பா, ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?”

அவர் சிரித்தார். “மெலிஞ்சுட்ட.”

“அது இல்லப்பா.”

“முடி வெட்டியிருக்கியா?”

“நல்லாப் பாருங்கப்பா!”

அவர் பார்த்தார். இப்போது எங்களுக்கு அவர் கண் நன்றாகத் தெரிந்ததே, அதுதான் வினை. அந்தக் கண் யாழினியைப் பார்க்கவில்லை. அவள் குரல் வந்த பக்கமாக, அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“நெட்டு கொஞ்சம்... மங்கலா இருக்கும்மா.”

யாழினியின் முகம் சுருங்கிவிட்டது. போனில் ஸ்பீடைச் சோதித்துப் பார்த்துவிட்டு, “நம்ம நெட்டு நல்லாத்தான் மாமா இருக்கு. அப்பா பக்கந்தான் கோளாறு” என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டாள்.

பச்சையும் நீலமும் ஞாபகத்துக்கு வந்தன. இத்தனை வருஷம் ஒயரோடு வாழ்ந்த மனுஷர், நிறம் மாறியிருப்பதைப் பார்த்து ‘சரி’ என்பாரா? என் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“மாப்ள, மறைக்காமச் சொல்லுங்க. கண்ணு எப்படி இருக்கு?”

விசும்பல்தான் கேட்டது.

“மொதல்ல நானும் நெட்டுன்னுதான் மச்சான் நெனச்சேன். அப்பறம் டெஸ்டர்ல வெளக்கு எரியுதா இல்லையான்னே தெரியல. கூட வேலை செய்யிற கேரளாக்காரரு கலரு சொல்லுவாரு, நான் மாட்டுவேன். அப்படியே ஓட்டிட்டேன். வலது கண்ணு சுத்தமா இல்ல. சுகருதான். மாத்திரைய ஒழுங்காப் போடல.”

“ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்ல மாப்ள?”

“போனா கண்ணு சரியில்லன்னு எழுதிருவாங்க. எழுதிட்டா ஊருக்கு அனுப்பிருவாங்க. பாப்பா காலேஜ் சேர்ற வரைக்குமாச்சும்னு... செல்விகிட்ட சொல்லிராதீங்க மச்சான். ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்.”

முன்பெல்லாம் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு போடுவோம். இப்போது உடம்பு சரியில்லாததை மறைக்க நெட் சரியில்லை என்கிறோம். காலம் முன்னேறித்தான் இருக்கிறது!

“கோவிச்சுக்காதீங்க மாப்ள. சொல்லத்தான் போறேன்” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அடுப்படிக்குப் போனேன். செல்வி எனக்காகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“நெட்டு சரியாயிருச்சாண்ணே?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் பட்ட பாட்டை எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. சொன்னேன். காபி அப்படியே ஆறிப்போனது. அவள் சத்தம் போட்டு அழவில்லை. “காலுல விழுந்தாச்சும் வரச் சொல்லுண்ணே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வந்தார். திருச்சி ஏர்போர்ட்டில் கூட வந்த ஒருத்தர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். யாழினி கம்பியை ஒட்டி நின்று கத்தினாள். “அப்பா, இங்கிட்டு! இங்கிட்டுப்பா!” சத்தம் வந்த பக்கம் திரும்பி நடந்தார். அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தடவினார். நெற்றி, புருவம், கன்னம்... மூக்குக்கு வந்ததும் விரல் நின்றது.

“எப்பம்மா குத்துன?”

அந்தக் கையை அவள் எடுக்க விடவில்லை. நான் பெட்டியைத் தூக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி டாக்டரின் அறைக்கு வருவோம். எல்லாம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “வலது கண்ல போன பார்வை போனதுதான். இடது கண்ல இருக்குறதை லேசர், ஊசி போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம். ஆனா புதுசாத் திரும்பி வராது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா...”

முடிக்காமல் விட்டுவிட்டார். நல்ல பெண். அந்த ஒரு வருஷமும் நாங்கள் சும்மா இருக்கவில்லையே, டாக்டர். ரவுட்டர் மாற்றிக்கொண்டிருந்தோம்.

‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்று இந்தப் பத்தியில் எத்தனை பேரைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன்! இனி எழுத மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தூரத்தில் இருக்கிற உங்கள் ஆள் யாராவது ‘மங்கலாத் தெரியுது’ என்று சொன்னால், எடுத்தவுடனே நெட்காரருக்குப் போன் போடாதீர்கள். சாப்பிட்டாயா, சுகர் பார்த்தாயா, கண் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எரிச்சல் படுவார்கள். பரவாயில்லை, மறுபடி கேளுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமையும் கீரமங்கலம் போயிருந்தேன். ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி பூக்கட்டிக்கொண்டிருந்தாள். கேபிள் வழியாக வருகிற நெட். பிசிறில்லாத படம். அந்தத் தெருவிலேயே அவ்வளவு நல்ல நெட் வேறு வீட்டில் இருக்காது.

ஆனால் படம் இன்னும் நின்று நின்றுதான் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குக் கதை சொல்ல, யாழினிதான் ரிமோட்டில் நிறுத்துகிறாள்.