மூடிக்குள் ஒரு சுவிட்ச்

தன் கைகளே தனக்குத் துரோகம் செய்துவிட்டன என்று கேசியா கொதித்த நாள் அது.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், பாலைக் குளிரவைக்கும் கூலர்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் கங்காதர நெல்லூர்ச் சர்ச்சின் தியோடர் உபதேசியாருடைய மகள் கேசியா, கல்யாணத்துக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். கூலரின் மோட்டார் பெட்டிக்கு மூடி மாட்டுவது அவள் வேலை. மூடியின் உள்பக்கம் கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்சையும் பொருத்துவாள். மூடியைத் திறந்தால் மோட்டார் நின்றுவிடும். யாருடைய விரலும் விசிறியில் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று, புதிதாக வரும் பெண்களுக்கு அவளே பெருமையோடு சொல்லிக்கொடுப்பாள்.

பிறகு கம்பெனி கூலர் விற்பதை நிறுத்தியது. இனிமேல் மெஷின் கம்பெனியுடையது. ஊர்க்காரர்கள் மாதாமாதம் வாடகை கட்டி வாங்குவது குளிர்ச்சியை மட்டும். ஒவ்வொரு கூலருக்குள்ளும் ஒரு சிம் கார்டு வைத்தார்கள். எந்த ஊரில் பால் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது தொழிற்சாலையின் மாடியிலேயே திரையில் தெரிந்தது. கீழே செய்கிறவர்களும் மேலே கவனிக்கிறவர்களும் இனி ஒரே குடும்பம் என்று கேக் வெட்டினார்கள். தமிழும் தெலுங்கும் நன்றாகப் பேசுகிறாள் என்று கேசியாவை மாடிக்கு ஏற்றி, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள், பாவி மகள்.

மே மாதத்து மத்தியானம் ஒன்றில் கமலம்மாவின் அழைப்பு வந்தது. கங்காதர நெல்லூரில் பால் சென்டர் நடத்துகிறவள். சின்ன வயதில் கேசியாவுக்குத் தலை பின்னிவிட்டவள். எலி ஒயரைக் கடித்துக் கூலரின் விசிறி நின்றுவிட்டதாம். கேசியாவின் தம்பி ஆசிர் ஊரில் எலக்ட்ரீஷியன். அவன் மூடியைத் திறந்து, ஒயரைச் சேர்த்து, திரும்ப மூடியும் விட்டான். ஆனால் மெஷின் ஓட மறுக்கிறது. காலைப் பால் உள்ளே சூடேறிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சாயங்காலப் பாலோடு பெண்கள் வந்து நிற்பார்கள்.

கேசியா திரையைப் பார்த்தாள். கம்பெனி ஆள் அல்லாதவர் மூடியைத் திறந்ததால் மெஷின் பூட்டப்பட்டது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

விரலைக் காப்பாற்றும் என்று நம்பி இத்தனை வருஷம் அவள் பொருத்திய சுவிட்ச், இப்போது மாடிக்குக் கோள் சொல்லிக்கொண்டிருந்தது!

ஆனாலும் கற்றுக்கொடுத்த வாக்கியம்தான் முதலில் வாயில் வந்தது. உங்கள் புகார் பதிவாகிவிட்டது, தயவுசெய்து காத்திருக்கவும்.

கமலம்மா குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

“கேசியாதானே பேசற? உங்கம்மா ஊத்தின பாலும் இதுலதான்டி கெடக்குது. வெயிட் பண்ணுன்னு பாலுகிட்ட நீயே சொல்லு.”

அழைப்பைத் துண்டிக்காமல் எழுந்து சூப்பர்வைசர் கிஷோரிடம் ஓடினாள். பூட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். கம்பெனி இன்ஜினியர் திருப்பதியில் இருக்கிறார், நாளைக் காலையில்தான் வருவார், கண்டவனெல்லாம் மூடியைத் திறந்தால் கம்பெனி எதற்கு என்று அவன் நிதானமாக விளக்கினான்.

“மேடம், நீங்க இப்ப சர்வீஸ் செக்ஷன். மெஷின் மேல இருக்கற பாசத்த எல்லாம் கீழயே வெச்சுட்டு வரணும்.”

“அந்த மூடிய மாட்டினது நான் சார். நாளைக்கி உங்க ஆளு வந்து தயிரத்தான் பாத்துக்கினு போவாரு.”

அவன் சிரித்தான். ஊர்ப் பெண்களின் உழைப்பு புளித்துக்கொண்டிருக்கும்போது எப்படி ஐயா சிரிப்பு வருகிறது! அந்தச் சிரிப்புதான் அவளுக்குள் மிச்சமிருந்த பயத்தையும் எரித்தது. தன் இடத்துக்குத் திரும்பினாள். கம்பெனி ஆள் நேரில் வந்து பார்த்தார் என்ற கட்டத்தை அழுத்தி, ஆள் பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரையே அடித்தாள். பூட்டு திறந்தது. ஓடுதுடி, ஓடுது என்று ஹெட்போனில் கமலம்மாவின் குரல் உடைந்தது.

பின்னால் வந்து நின்ற கிஷோர், இது பச்சைப் பொய் என்றான்.

கேசியா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “பொய்தான் சார். இப்பப் போயி நெசமாக்கறேன். நடுவுல நீங்க பூட்டினா, பால் சென்டர் வாசல்ல உங்க பேரச் சொல்லித்தான் பாலக் கொட்டுவோம்.”

கீழே இறங்கி ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் அழுகை வரவில்லை. பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பால் குளிர்ந்திருந்தது. கிஷோர் பூட்டவில்லை. ஆசிர் போட்ட இணைப்பைச் சோதித்து, மூடியை இறுக்கி, மெஷின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். கமலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருக்கையை விட்டுப் போன குற்றத்துக்காக அவளைத் திரும்பக் கீழே அனுப்பினார்கள். முதல் நாள் காலையிலேயே அவள் முன்னால் ஒரு தட்டு நிறைய அதே சுவிட்சுகள். கேசியா தொடவில்லை. லைன் பொறுப்பாளர் வேணு வந்து ஏன் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டான்.

“இது இன்னாத்துக்குன்னு மூடி மேலயே தமிழ்லயும் தெலுங்குலயும் அச்சடிச்சுக் குடுங்கண்ணா. அப்புறம் மாட்டறேன்.”

வேணு தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான். கேசியாவுக்குப் பக்கத்தில் இருந்த யமுனா, தன் கையிலிருந்த சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.