கண்ணை மூடினால் காணாமல் போகும் கை

என் வீட்டுக்காரருக்கு முடிவெட்டும் கடை. இந்த ஊரில் பாதித் தலை அவர் கைபட்டதுதான். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது, "நல்லவேளை, வலது கை தப்பிச்சுது, பொழப்பும் தப்பிச்சுது" என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

இடது கையும் மெல்லத் தேறியது. பந்தை அமுக்கினார், டம்ளரைத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். "திங்கக்கிழமை கடையைத் திறக்கிறேன். முதல் சவரம் மாப்ளைக்குத்தான்" என்று என் தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார். அவனும் அதற்காகவே தாடி வளர்த்துக் கரடி மாதிரி திரிந்தான்.

இனி வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள் என நம்பிப் போன அன்றுதான், புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிப் பெண் குறுக்கே வந்தாள். அவரைக் கண்ணை மூடச் சொன்னாள். சத்தமில்லாமல் ஒரு சீப்பை எடுத்து, அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"கையில என்ன இருக்கு சார்?"

"நீ இன்னும் ஒண்ணுமே வைக்கலியேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாழ்நாளெல்லாம் சீப்புப் பிடித்த மனுஷன்! கண்ணைத் திறந்தவர் பேயறைந்த மாதிரி அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை மாசமா என்னத்தக் கிழிச்சீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

அவள் மழுப்பவில்லை. "கை அசையுதான்னு பார்த்தோம்மா, உணருதான்னு பார்க்கல. கண்ணு பார்த்துப் பார்த்துக் கையை ஓட்டிடுது. உணர்ச்சியைத் தனியா சோதிக்கணும், அதுக்குப் பயிற்சியும் குடுக்கணும்னு ஆராய்ச்சி பண்ணினவங்க எப்பவோ எழுதிட்டாங்க. அது இந்த ரூமுக்குள்ள வரல. இப்பத்தான் நாங்க சேர்ந்து உட்கார்ந்து படிச்சு, பழக்கத்தை மாத்திக்கிட்டு இருக்கோம்."

"அப்ப சரியாயிடுமா?"

"சிலருக்கு நல்லாத் தேறுது. எல்லாருக்கும்னு சொன்னா அது பொய்."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "வலது கை சும்மா வழிக்கும்டி. தோலை இழுத்துப் பிடிக்கிறதும், எங்க மிச்சம் இருக்குன்னு தடவிச் சொல்றதும் இடது கைதான். தாடைக்கு அடியில கண்ணு எட்டாது."

திங்கட்கிழமை அந்தக் கத்திக்கு அடியில் இருந்திருக்க வேண்டியது என் தம்பியின் கழுத்து.

அப்புறம் எங்கள் சாப்பாட்டு மேஜைதான் பள்ளிக்கூடம். துண்டு, உப்புத்தாள், வெல்வெட் துணி. கண்ணை மூடி இடது கையால் தடவி, என்னவென்று சொல்ல வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்த்து, வலது கையால் தடவி, மறுபடி இடது கை. கோபம் வந்தால் எல்லாவற்றையும் விசிறியடிப்பார். "எறிஞ்சா எடுத்துக் குடுக்க நான் என்ன பந்து பொறுக்குறவளா?" என்று திட்டிக்கொண்டே எடுத்துக்கொடுப்பேன். ஒருநாள் துணிக்குப் பதிலாக என் கையையே அவர் கையில் வைத்தேன். "சீக்கிரம் வைடி, எவ்வளவு நேரம்?" என்றார். அடக் கடவுளே! குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணே ஒரு பரீட்சை வைத்தாள். என் தம்பி அடுத்த தெருக் கடையில் ஒரு கன்னத்தை மட்டும் வழித்துக்கொண்டு, வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாமல் வந்து சேர்ந்தான். இவர் கண்ணை மூடி இடது கையால் தடவினார்.

"இது வழிச்சது. இது... சொரசொரன்னு இருக்கு. தாடி!"

"மாமா!" என்று தம்பி குதித்தான். நான் நம்பாமல் திரும்பத் தடவச் சொன்னேன். மறுபடியும் சரி. ஆனால் தாடைக்கு அடியில் விரல் தடுமாறியது. மாற்றி மாற்றிச் சொன்னார்.

"கத்தி இப்ப வேணாம் சார். கத்தரிக்கோலோட கடையைத் திறங்க. மத்ததைப் பழகிப் பார்க்கலாம்" என்றாள் அவள்.

அவர் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. மனுஷன் உடைந்துவிட்டாரோ என்று பயந்து, அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி," என்றார், "உன் கை ஏன் இப்படி நடுங்குது?"