புதன்கிழமையே முடிந்துபோன வெள்ளிக்கிழமை

இன்று காலை கடையில் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. என்னைக் கேட்கவில்லை. நான் அதற்குக் கரண்ட் பில் கட்டுபவன், அவ்வளவுதான். 'அணைக்காதீர்கள்' என்று திரையில் ஓர் உத்தரவு. ஆதார் அட்டையைப் பிரிண்ட் எடுக்க வந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எடமலைப்பட்டி புதூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. சும்மா நிற்கத் தெரியாது. டிராயரை இழுத்துக் குப்பையைக் கிளறினேன். பிளாப்பி டப்பா அகப்பட்டது. பிளாப்பி ஞாபகம் இருக்கிறதா? கறுப்புச் சதுரத் தட்டு. இன்றைக்கு எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. திறந்தால் சந்தன வாசனை. கம்ப்யூட்டர் சாமானில் சந்தனம் எப்படி வரும் என்பீர்கள். ஸ்ரீரங்கம் வழியாக வரும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் சாப்ட்வேர் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் முதலாளி, புரோகிராம் எழுதுகிறவர், நான். நான் பத்தாவது பெயில். என்னை எடுத்ததற்குக் காரணம், மாவட்டத்தில் எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று எனக்குத் தெரியும். கல்யாண மண்டபங்களுக்கான சாப்ட்வேர் அது. காலி நாள் பச்சை. கொடுத்த நாள் சிவப்பு. கேட்டு வைத்த நாள் மஞ்சள்.

அப்போது மண்டபங்களில் இன்டர்நெட் கிடையாது. புரோகிராமில் ஒரு திருத்தம் செய்தால் அது பறந்து போகாது. நான் பஸ்ஸில் கொண்டுபோவேன். மதியச் சாப்பாடும் சிடியும் ஒரே பையில். ஒருமுறை மோர் ஒழுகிவிட்டது. முசிறி மண்டபத்தில் இரண்டு மாதம் பழைய புரோகிராமே ஓடியது. அவர்கள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. மருங்காபுரியில் கம்ப்யூட்டரை மணமகள் அறையில் வைத்திருந்தார்கள். முகூர்த்த நாளில் போனால் கீபோர்டு மேல் பூச்சரம் கிடக்கும், நான் வெளியே நிற்பேன். இப்படிப் பன்னிரண்டு மண்டபம், பன்னிரண்டு விதமான புரோகிராம். "எல்லாருக்கும் ஒரே சாப்ட்வேர்தாங்க" என்று முதலாளி போனில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை.

திரும்பும்போது ஒவ்வொரு மண்டபத்து நாட்களையும் பிளாப்பியில் பிரதி எடுத்துக்கொள்வேன். அங்கே கம்ப்யூட்டர் செத்தாலும் கல்யாணம் நிற்கக் கூடாது அல்லவா. ஆபீசில் பீரோ இல்லை. அதனால் டப்பா எப்போதும் என் பையில்தான்.

ஸ்ரீரங்கம் மண்டபத்து மேனேஜரை எல்லோரும் ரங்கராஜன் மாமா என்பார்கள். கம்ப்யூட்டர் வரும்வரை எல்லா முகூர்த்தமும் அவர் வாயில் இருந்தது. வந்ததும் மறந்துவிட்டார். அதற்குத்தானே வாங்கியது.

ஒருநாள் புதுத் திருத்தத்தோடு போனேன். சொன்ன கெடு முடிந்தால் மஞ்சள் நாள் தானாகப் பச்சையாகிவிடும். அதுதான் திருத்தம். மாமா சிடியைக் கையால் தொடவில்லை.

"இன்னைக்கு அஷ்டமின்னா. புதுசா ஒண்ணும் ஏத்தப்படாது."

"நாளைக்கு வரவா மாமா?"

"நாளைக்கு நவமி."

"நாளன்னைக்கு மருங்காபுரி போகணும்."

மாமா திரையின் மூலையைப் பார்த்தார். "அதுல தேதியை மாத்தலாமோ?"

"மாத்தலாம்."

"அப்போ தசமிக்கு மாத்து. அது என்ன பஞ்சாங்கமா பாக்கப் போறது?"

இரண்டு நாள் முன்னே தள்ளினேன். திரையில் தசமி. மாமா முகம் தெளிந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். என் பிளாப்பி டப்பாவுக்கும் ஒரு பொட்டு. ஏற்றி முடித்தேன்.

"தேதியைப் பழையபடி வச்சுடட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். திருப்பினா அஷ்டமியில ஏத்தினாப்பல ஆயிடும். ரெண்டு நாள் போனா தானா சரியாயிடப் போறது."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நாம் நடந்துபோய்த் தசமியை எட்டும்வரை கம்ப்யூட்டர் அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தேன். நான் ஏன் பத்தாவது பெயில் என்று இப்போது புரிந்திருக்கும். மாமா பி.ஏ.

நாலைந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போனேன். மாமா மேசைக்கு எதிரே ஒருவர் தாம்பாளத்தோடு நின்றார். பழம், வெற்றிலை, பாக்கு. முசிறிப் பக்கம் வாழை போடுகிறவர், பெயர் வேலுச்சாமி. பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். வெள்ளிக்கிழமைக்குள் வந்து உறுதி சொல்லுங்கள் என்று மாமா கெடு கொடுத்து, அந்த நாளை மஞ்சளில் வைத்திருந்தார். வந்துவிட்டார். நாள் சிவப்பாக இருந்தது. வேறு பெயரில்.

"ஏங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்று என்னிடம் கேட்டார். பஸ்ஸில் வந்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை.

"ஆமாங்க."

"இவரு இல்லைங்கறாரு."

"நான் எங்கே சொன்னேன்? கம்ப்யூட்டர் விட்டுடுத்து. நேத்திக்குப் பார்த்தேன், பச்சையா இருந்தது. கேட்டவாளுக்குக் குடுத்தேன். அவா பத்திரிகையே அடிக்கக் குடுத்தாச்சாம்" என்றார் மாமா.

"வேற நாள் பாக்க முடியாதுங்க. மாப்பிள்ளை மிலிட்டரி. லீவு அவ்வளவுதான். பெருமாள் பக்கத்துல வச்சு முடிக்கறேன்னு வேண்டுதல் வேற." தாம்பாளத்தைக் கீழே வைக்கவில்லை. "மண்டபம் புடிச்சாச்சுன்னு நேத்துத்தான் பொண்ணுகிட்ட சொன்னேன்."

திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை. அது எங்களுக்காகக் காத்திருக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு நாள் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அதன் வெள்ளிக்கிழமை புதன்கிழமையே முடிந்துவிட்டது.

மின்சாரக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் எல்லோரும் நம்புவார்கள். சொன்னால் என் வேலை தப்பும். அவர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு முசிறி பஸ் ஏறுவார்.

"தேதி தப்புங்க. நான்தான் மாத்தினேன்."

வேலுச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏந் தம்பி, எம்பொண்ணு கல்யாணம்தான் கெடைச்சுதா ஒனக்கு?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேல் துடைத்தார்.

"அவனை மட்டும் சொல்லாதீங்கோ. மாத்தச் சொன்னது நான். இருக்கட்டும்னதும் நான்."

ஒரு மண்டபத்துப் பிளாப்பியை இன்னொரு மண்டபத்துக் கம்ப்யூட்டரில் போடக் கூடாது. முதலாளி எனக்குச் சொன்ன ஒரே சட்டம் அது. டப்பாவை மேசைமேல் வைத்தேன். மாமா எழுந்து, காலண்டரில் இல்லாத எதையோ உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகப் போட்டேன். சிவப்பு. சிவப்பு. ஒன்று திறக்கவே இல்லை, மோர் பட்டதாக இருக்கும். எட்டாவது திருவானைக்காவல் மண்டபம். அந்த நாள் பச்சை.

"நீங்க நேர்ல போய்க் கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"பெருமாளுக்கு வேண்டிக்கிட்டு சிவன் கோயில் பக்கத்துல வைக்கறதா?"

மாமா காலண்டரைப் பார்த்தபடியே சொன்னார்: "சிவன் பெருமாளுக்கு மச்சினர்தானே. ஒரே தீவுதான், ஆத்தைக்கூடத் தாண்ட வேண்டாம். பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார். நான் வேணா ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன்."

வேலுச்சாமி சிரிக்கவில்லை. ஆனால் போனார். நாள் கிடைத்தது.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த திருத்தத்தில் தேதிக்குப் பூட்டுப் போட்டார்கள். திறக்கும் வார்த்தையை ஒரு சீட்டில் எழுதி மாமா மானிட்டரிலேயே ஒட்டிக்கொண்டார். பாதுகாப்பு என்றால் அப்படி.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போனேன். வேலுச்சாமி என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் காட்டினார். "இவருதாங்க தேதியத் தப்பாக்குனவரு. மாமனே, நல்லாப் பாத்துக்கங்க." மாப்பிள்ளை எழுந்து கை கொடுத்தார். என்னைப் பந்தியில் உட்காரவைத்து, பாயசம் இரண்டு தடவை வைத்தார்கள். தப்புச் செய்தவனுக்கு அந்த அளவுக்குக் கவனிப்பு.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. மாடியில் மொபைல் கவர் விற்கிறார்கள். மாமாவும் இல்லை. மண்டபங்களுக்கெல்லாம் புரோகிராம் எங்கிருந்தோ தானாக வருகிறது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில். அஷ்டமி, நவமி பார்ப்பதில்லை. நல்ல முன்னேற்றம். தப்பு வந்தாலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது.

டப்பாவை மூடினேன். திரையில் முப்பத்துநாலு சதவீதம். அந்த அம்மா வந்தபோதும் அதுதான்.

"அண்ணே, ரேஷன் ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிருவாங்க. இது எப்ப முடியும்?"

"தெரியலைங்க."

"இதுக்கு யாரத்தான் கேக்கறது?"

தெரிந்திருந்தால் நானே பஸ் ஏறிப் போயிருப்பேன்.